நாய் வளர்க்கும் வீட்டில் சக்குலன்ட் வைக்கலாமா?

கேள்வி இதுதான். நான்கு மாத லேப்ரடார் குட்டி ஒன்று வீட்டுக்கு வந்திருக்கிறது. பால்கனியில் ஒரு ஜேட், ஒரு கற்றாழை, சிவப்புப் பூ பூக்கும் கலாஞ்சோ ஒன்று, ஒரு அடீனியம், பெயர் தெரியாத சின்னத் தொட்டிகள் இரண்டு மூன்று இருக்கின்றன. சொந்தக்காரர் ஒருவர் "சக்குலன்ட் எல்லாமே நாய்க்கு விஷம், தூக்கிப் போடு" என்கிறார். செடி விற்றவரோ "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இலையிலோ தண்டிலோ வேரிலோ தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும் எந்தச் செடியையும் சக்குலன்ட் என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல குடும்பங்களிலிருந்து வருபவை. நாய் முழுச் செடியையே தின்றாலும் பெரிதாக ஒன்றும் ஆகாதவை அதில் உண்டு, நான்கைந்து இலையிலேயே இதயத் துடிப்பைக் குலைத்துவிடக் கூடியவையும் உண்டு. ஒரே குடும்பம் என்பதாலும் நிம்மதி அடைய முடியாது: எச்சிவேரியாவும் கலாஞ்சோவும் ஒரே குடும்பம்தான், முதலாவது நாய்க்குப் பாதுகாப்பானது, இரண்டாவது ஆபத்தானது. ஹவோர்தியாவும் கற்றாழையும் அப்படித்தான். அதனால் தொட்டி தொட்டியாகத்தான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. உங்கள் பட்டியலில் எனக்குப் பயம் தருவதிலிருந்தே தொடங்குகிறேன்.

அடீனியத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நம் ஊர் மொட்டை மாடிகளில் இன்று இது இல்லாத வீடு குறைவு. வெயிலைத் தாங்குகிறது, அடித்தண்டு குண்டாக அழகாக இருக்கிறது, பூவும் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, எல்லாம் சரி. ஆனால் இது அரளியின் குடும்பம். அரளி விஷம் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதே வகை நஞ்சை வைத்திருக்கும் அடீனியத்தை மட்டும் 'பாலைவன ரோஜா' என்று ஆசையாக வாங்கிக் கூடத்திலேயே வைத்துவிடுகிறோம். ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் இதன் சாற்றைக் காய்ச்சி அம்பு நுனியில் தடவியிருக்கிறார்கள். இலை, தண்டு, பூ, வேர், விதை என்று எல்லாப் பாகத்திலும் இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகள் உண்டு. இதயத் தசை செல்களில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்ப் இருக்கிறது, அதை இவை முடக்கிவிடுகின்றன. இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் டிஜாக்சின் மாத்திரையும் இதே வேலையைத்தான் செய்கிறது, அதனால்தான் ஒரு மாத்திரையில் கால் மில்லிகிராம் மட்டும் வைத்து, அதையும் அளந்து அளந்து கொடுக்கிறார்கள். செடியில் அந்த அளவுக் கணக்கு ஏது?

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கவாத்து செய்யும்போது அடீனியத்தின் கிளைகளை வெட்டித் தரையில் போட்டுவிட்டு, வெட்டிய இடத்தில் பூஞ்சைக்கொல்லி தடவுவதிலேயே நம் கவனம் முழுக்க இருக்கும். விரல் கனத்தில், ஒரு சாண் நீளத்தில் கிடக்கும் அந்தக் குச்சி பல் முளைக்கிற குட்டிக்குக் கடிக்கத் தோதான பொருள். செடியில் இருக்கும்வரை திரும்பிக்கூடப் பார்க்காத நாய், கீழே விழுந்த குச்சியைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வீட்டில் நாய் இருந்து, அடீனியத்தையும் விட மனமில்லை என்றால், நாய் ஏறவே முடியாத பூட்டிய மாடியில் வையுங்கள். வெட்டிய கழிவை அங்கேயே பையில் கட்டி, கையையும் கத்தரியையும் கழுவிவிட்டுக் கீழே இறங்குங்கள்.

அடுத்தது கலாஞ்சோ. மார்கழி, தை மாதங்களில் நர்சரி வாசலில் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று சின்னச் சின்னப் பூக்கள் கொத்தாகப் பூத்து வரிசையாக நிற்குமே, அதுதான். பகல் குறைந்து இரவு நீளும் பருவத்தில் மொட்டு விடும் செடி என்பதால் அப்போதுதான் நிறைய வரும். இதிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுதான், பெயர் பூஃபாடைனோலைடு. தென்னாப்பிரிக்காவில் இந்தக் குடும்பத்துச் செடிகளை மேய்ந்த ஆடுகள் கழுத்து துவண்டு, நிற்க முடியாமல் விழும் ஒரு நோய் நெடுங்காலமாக உண்டு. அப்படி இறந்த ஆட்டின் இறைச்சியைத் தின்ற நாய்களும் பாதிக்கப்பட்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் காட்டுச் செடியாகப் பரவிவிட்ட கலாஞ்சோ இனங்கள் மாடுகளைக் கொல்வது அங்குள்ள பண்ணைக்காரர்களுக்குப் பெரிய தலைவலி. இலையை விடப் பூவில் நஞ்சின் செறிவு அதிகம், நாம் வாங்கி வருவதோ பூத்த செடியை.

நம் வீடுகளில் கலாஞ்சோ இன்னொரு வடிவத்திலும் இருக்கும். ரணகள்ளி. 'கட்டிப் போட்டால் குட்டி போடும்' என்று சொல்வார்களே, இலையைப் பிய்த்துச் சும்மா போட்டாலே ஓரத்துப் பள்ளங்களில் சின்னச் செடிகள் முளைத்துவிடும், அதே செடி. சிறுநீரகக் கல்லுக்கு இதன் இலையைத் தின்பவர்கள் உண்டு, அதனால் "மனுஷனே சாப்பிடுகிறான், நாய்க்கு என்ன ஆகிவிடும்" என்று கேட்பார்கள். எழுபது கிலோ ஆள் ஒரு இலை தின்பதும் ஐந்து கிலோக் குட்டி ஒரு தொட்டியைக் காலி செய்வதும் ஒரே கணக்கு இல்லை. இதன் உறவான இன்னொரு இனத்தில், நீளமான இலையின் இரண்டு ஓரத்திலும் பல் வரிசை போலக் குட்டிச் செடிகள் ஒட்டிக்கொண்டிருக்கும், லேசாகக் கை பட்டாலே பொலபொலவென்று உதிரும். அலமாரியின் உச்சியில் வைத்தாலும் உதிர்ந்தது தரைக்குத்தான் வரும். பக்கத்துத் தொட்டிகளிலும் தரை இடுக்குகளிலும் வேர் பிடிக்கும். நாய் இருக்கும் வீட்டுக்குக் கலாஞ்சோ எந்த வகையும் வேண்டாம் என்பது என் கருத்து. பூவுக்காகத்தான் என்றால் வேறு எத்தனையோ செடி இருக்கிறது.

மூன்றாவது கள்ளி. பால் வடியும் கள்ளி. சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி, முள் நிறைந்த தண்டில் சிவப்பும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் யூபோர்பியா எல்லாம் இந்த வகை. கள்ளிப்பால் என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நாய் கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், முன்காலால் மூஞ்சியைத் தேய்த்துக்கொண்டே இருக்கும், வாந்தியும் வரலாம். பெரும்பாலும் எரிச்சல் தாங்காமல் முதல் கடியிலேயே விட்டுவிடுவதால் வயிற்றுக்குள் நிறையப் போவதில்லை. உண்மையான ஆபத்து கண்ணுக்கு. அந்தப் பால் கண்ணில் தெறித்தால் கருவிழி புண்ணாகும், சில மணி நேரம் கழித்துத்தான் வலி முழுதாகத் தெரியும், கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம். கடைகளில் பல யூபோர்பியாக்களைக் 'கேக்டஸ்' என்றுதான் விற்கிறார்கள். உண்மையான கேக்டஸில் முட்கள் பஞ்சு போன்ற ஒரு சின்ன மெத்தையிலிருந்து கிளம்பும். சந்தேகமாக இருந்தால், கையுறை போட்டுக்கொண்டு குண்டூசியால் தண்டில் மெல்லக் குத்திப் பாருங்கள், சட்டென்று வெள்ளைப் பால் வந்தால் அது பெரும்பாலும் யூபோர்பியா. தெளிந்த நீர் வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ பெரும்பாலும் கேக்டஸ். கேக்டஸில் விஷத்தைவிட முள்தான் பிரச்சினை. சப்பாத்திக்கள்ளியில் பெரிய முள்ளைக்கூடப் பிடுங்கிவிடலாம், அதன் அடியில் இருக்கும் மயிர் போன்ற முள் நாயின் நாக்கிலும் மேலண்ணத்திலும் ஏறினால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டி வரும்.

சரி, ஜேட். இங்கேதான் குழப்பம் அதிகம். அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற பழைய விலங்கு நல அமைப்பு நாய், பூனை, குதிரைக்கு ஆகும் செடி, ஆகாத செடி என்று ஒரு பெரிய பட்டியல் வைத்திருக்கிறது, உலகம் முழுக்கக் கால்நடை மருத்துவர்களும் அதைப் புரட்டுகிறார்கள். அதில் ஜேட் நாய்க்கு ஆகாதது என்று இருக்கிறது. வாந்தி, சோர்வு, நடையில் தள்ளாட்டம் ஆகியவை அறிகுறிகள். எந்த வேதிப்பொருளால் அப்படி ஆகிறது என்பது இன்னும் கண்டறியப்படவில்லை. அங்கே ஜேட் என்று சொல்வது கிராசுலா ஓவாட்டா என்ற செடியை. நம் ஊர் நர்சரிகளில் 'ஜேட்', 'லக்கி பிளான்ட்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் போர்ட்டுலகேரியா ஆஃப்ரா என்ற வேறு செடி, குடும்பமே வேறு. தென்னாப்பிரிக்காவில் யானைகள் விரும்பி மேயும் செடி அது, மனிதர்களும் அந்தப் புளிப்பு இலையைத் தின்பார்கள். நாய்க்கும் இது கெடுதல் செய்வதாகத் தெரியவில்லை.

இரண்டையும் பிரித்தறிவது சுலபம். செடியைக் கையில் எடுத்து இலையைப் பாருங்கள். சுண்டுவிரல் நக அளவில், வட்டமாக, கொஞ்சம் மெல்லியதாக இருந்து, இளந்தண்டு சிவப்பும் பழுப்புமாகக் கம்பி போல வளைந்து போனால் அது போர்ட்டுலகேரியா. இலை கட்டைவிரல் அளவு பெரிதாக, தடிப்பாக, மினுமினுப்பாக, வெயிலில் ஓரம் மட்டும் சிவந்து, தண்டு பச்சையும் சாம்பலுமாகக் குண்டாக இருந்தால் அது கிராசுலா. உங்களுடையது முதல் வகையாக இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம், குட்டி இரண்டு இலை தின்றுவிட்டால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது வகையென்றால் தரையிலிருந்து தூக்கி எட்டாத இடத்தில் வையுங்கள். உயிருக்கு ஆபத்தான செடி என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரவு முழுக்க வாந்தி எடுக்கும் நாயோடு உட்கார்ந்திருப்பது யாருக்கும் வேண்டாத வேலை. வாஸ்து என்று சொல்லி ஜேட்டை வாசற்படி ஓரமாகத் தரையிலேயே வைப்பார்கள், குட்டியின் மூக்குக்கு நேராக.

கற்றாழை விஷயத்தில் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஏற்கெனவே பாதி விஷயம் தெரியும். சோற்றுக்கற்றாழை மடலைக் குறுக்கே வெட்டிச் சாய்த்துப் பிடித்தால், தோலுக்குச் சற்று உள்ளேயிருந்து மஞ்சளாக ஒரு சாறு சொட்டும். கடுங்கசப்பு. நடுவில் கண்ணாடி போல இருக்கும் சோற்றை ஏழு முறை கழுவிச் சாப்பிட வேண்டும் என்று சொல்வது இந்த மஞ்சள் சாறு போவதற்காகத்தான். இதைக் காய்ச்சி இறுக்கியதுதான் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கரியபோளம், பேதிக்குக் கொடுப்பது. நாய்க்கும் அதே வேலையைத்தான் செய்கிறது: பெருங்குடலில் நீரைச் சேர்த்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும், வாந்தி வரும், சோர்ந்து படுத்துவிடும். வளர்ந்த லேப்ரடார் ஒரு கடி கடித்தால் ஒருநாள் வயிறு கலங்கும், அவ்வளவுதான். மூன்று கிலோ பொமரேனியன் ஒரு மடலையே தின்றால் நீர்ச்சத்து வறண்டுபோய் டிரிப்ஸ் ஏற்ற வேண்டி வரலாம்.

நாயின் தோலில் சொறி, உண்ணிக் கடிப் புண் என்றால் கற்றாழையை வெட்டி அப்படியே தேய்ப்பவர்கள் நிறையப் பேர். நாய் நக்காமல் இருக்காது. தேய்ப்பதென்றால் மடலை வெட்டிக் கால் மணி நேரம் நட்டமாக நிறுத்தி மஞ்சள் சாறு முழுக்க வடிந்த பிறகு, தோலைச் சீவி, சோற்றைக் கழுவி, அதை மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள், காயும்வரை நக்க முடியாதபடி கழுத்தைச் சுற்றிக் கோன் போட்டுவிடுங்கள். கடையில் வாங்கும் பச்சை நிற ஜெல் வேண்டவே வேண்டாம், அதில் வாசனையும் நிறமும் வேறு என்னென்னவோ சேர்ந்திருக்கும்.

கற்றாழை போலவே தோன்றும் சின்னச் செடி ஒன்று உண்டு, கரும்பச்சை இலையின் வெளிப்பக்கத்தில் வெள்ளைக் கோடுகள் வரிக்குதிரை மாதிரி. அது ஹவோர்தியா, நாய்க்குப் பாதுகாப்பானது. கற்றாழை இலையின் ஓரத்தில் ரம்பப் பல் இருக்கும், இதில் இருக்காது. இலையைக் கிள்ளினாலும் மஞ்சள் சாறு வராது. உங்கள் பெயர் தெரியாத தொட்டிகளில் ஒன்று இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, ஏனென்றால் சாலையோரச் செடி வண்டியிலேயே இது கிடைக்கிறது. மற்றொன்று தாமரை மாதிரி இதழ் இதழாக அடுக்கி, சாம்பல் பூத்த பச்சையிலோ இளஞ்சிவப்பிலோ இருந்தால் எச்சிவேரியா. அதுவும் பயமில்லை. கூடையிலிருந்து வால் வாலாகத் தொங்கும் சீடம், கேஸ்டீரியா, முள்ளில்லாமல் தட்டைத் தட்டையாகத் தொங்கும் கிறிஸ்துமஸ் கேக்டஸ், தடித்த இலையுள்ள பெப்பரோமியா, ஹோயா எல்லாமே வைக்கலாம். இவற்றை நிறையத் தின்றால் புல் தின்ற மாதிரி வாந்தி எடுக்கும், பிறகு வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிடும்.

சின்னப் பச்சை மணிகள் கோத்த மாலை போலத் தொங்கும் செடி ஒன்று இப்போது எல்லோரும் வாங்குகிறார்கள், ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ். அது ஆகாது. தொங்கும் நுனி நாயின் உயரத்துக்கு வராமல் வெட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் சமாளிக்கலாம். ஸ்நேக் பிளான்டில் சப்போனின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், அதற்கு மேல் போவது அரிது. மாடியில் கொட்டிக் கிடக்கும் பத்துமணிப்பூவைப் பற்றி யாருமே யோசிப்பதில்லை. அதில் கரையும் ஆக்சலேட் உப்பு இருக்கிறது, அதிகமாகத் தின்றால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும், சிறுநீரகத்துக்கும் கெடுதல். இரண்டு தண்டு போனால் பரவாயில்லை, தினமும் அதையே மேயும் பழக்கம் வந்தால் இடத்தை மாற்றுங்கள். அப்புறம், சக்குலன்டே இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: தொட்டியில் பனை மாதிரி விரிந்து நிற்கும் சைகஸ். அதன் விதை ஒன்றிரண்டே ஒரு நாயின் கல்லீரலைக் கெடுத்துக் கொன்றுவிடும். நல்ல சிகிச்சை கிடைத்தும் பிழைக்காத நாய்கள் ஏராளம். அடீனியத்துக்குச் சொன்னதைவிட இரண்டு மடங்கு அழுத்தமாக இதற்குச் சொல்கிறேன், நாய் உள்ள வீட்டு வளாகத்திலேயே சைகஸ் இருக்கக் கூடாது.

இனி செடியை விட்டுவிட்டுத் தொட்டிக்கு வருகிறேன். செடி பாதுகாப்பானது என்று தெரிந்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள், நாய் தோண்டுவதோ மண்ணை. ஆமணக்குப் பிண்ணாக்கை இயற்கை உரம் என்று மண்ணில் கலக்கும் வழக்கம் நமக்கு உண்டு. ஆமணக்கு விதையில் உள்ள ரைசின் என்ற நஞ்சு எண்ணெயோடு போவதில்லை, பிண்ணாக்கில்தான் தங்குகிறது. நன்றாகச் சூடாக்கிப் பதப்படுத்தாத பிண்ணாக்கைத் தின்ற நாய்கள் பல நாடுகளில் இறந்திருக்கின்றன. அதோடு எலும்புத்தூளும் சேர்ந்திருந்தால் அந்த வாசனைக்கு எந்த நாயும் மயங்கும். தின்ற உடனே ஒன்றும் தெரியாது. அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் வாந்தி, ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு என்று ஆரம்பிக்கும், அதற்குள் காரணமே மறந்துபோயிருக்கும். சக்குலன்டுகளுக்கு உரமே அதிகம் வேண்டாம், ஆற்று மணலும் கொஞ்சம் மக்கிய மண்புழு உரமும் இருந்தால் நன்றாக வரும். மழைக்காலத்தில் நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைடு குருணையும் இப்படித்தான், தானியத்தில் செய்திருப்பதால் நாய் தின்னும். தின்ற சில மணி நேரத்தில் உடம்பு உதறி வலிப்பு வரும். இலை இடுக்கில் வரும் மாவுப்பூச்சிக்கு ஆர்கனோபாஸ்பேட் மருந்து அடித்தால், பாதுகாப்பான எச்சிவேரியாவும் விஷமாகிவிடும். மாவுப்பூச்சியைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தாலே போதும். அலங்காரத்துக்காக மேலே பரப்பும் கூழாங்கல்லையும் எடுத்துவிடுங்கள், லேப்ரடார் குட்டிகள் கல்லை விழுங்குவதில் பேர்போனவை. குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான்.

குட்டி ஏதோ ஒன்றைத் தின்றுவிட்டது என்றால் என்ன செய்வது? முதலில் வாயைத் திறந்து மிச்சம் இருப்பதை விரலால் எடுங்கள், ஈரத் துணியால் ஈறையும் நாக்கையும் துடையுங்கள், குடிக்கத் தண்ணீர் வையுங்கள், தானாகக் குடித்தால் குடிக்கட்டும். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். ரத்தத்தில் சோடியம் ஏறி அதனாலேயே நாய் வலிப்பு வந்து செத்துப்போகலாம். பால், மோர், எண்ணெய், முட்டை எதுவும் இதய நஞ்சை முறிக்காது. வாயைப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் வேறு. வாந்தி எடுக்க வைக்க வேண்டுமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பயன் இருப்பதும் பொதுவாகத் தின்ற முதல் இரண்டு மணி நேரத்துக்குள்தான், கள்ளிப்பால் போல எரிப்பதைத் தின்றிருந்தால் வாந்தி எடுக்க வைப்பதே இன்னும் கெடுதல். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு வாந்தியே மூச்சுக்கு ஆபத்து. நாயின் கண்ணில் கள்ளிப்பால் பட்டிருந்தால் சுத்தமான தண்ணீரை மெல்லிய தாரையாக ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவிக்கொண்டே இருங்கள், உங்கள் கண்ணில் கை வைக்காதீர்கள், பிறகு நேராக மருத்துவரிடம்.

அடீனியம், கலாஞ்சோ, சைகஸ், ஆமணக்குப் பிண்ணாக்கு, நத்தைக் குருணை ஆகிய இந்த ஐந்தில் எதைத் தின்றிருந்தாலும் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாய் துள்ளி விளையாடிக்கொண்டிருந்தாலும் கிளம்புங்கள். இதய நஞ்சில் முதலில் வாந்தியும் பேதியும்தான் வரும், "ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நினைத்து ஒரு இரவு விட்டுவிட்டால், மறுநாள் துடிப்பு தாறுமாறாகி நாய் சரிந்த பிறகுதான் தெரியும். சீக்கிரம் போனால் கரித்தூள் கொடுத்து நஞ்சைக் குடலிலேயே பிடித்து நிறுத்த முடியும், ஈ.சி.ஜி. பார்த்துத் துடிப்பு குறைந்தால் அதற்கு மருந்து கொடுக்க முடியும். போகும்போது செடியின் ஒரு கிளையைக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள், வாந்தி எடுத்திருந்தால் அதையும் கொஞ்சம். எத்தனை மணிக்குத் தின்றது, ஏறக்குறைய எவ்வளவு, நாயின் எடை என்ன என்பதைச் சொல்லுங்கள். 'ஜேட் தின்றுவிட்டது' என்று வெறும் பெயரைச் சொன்னால் மருத்துவருக்கும் எது என்று தெரியாது. சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கெல்லாம் வசதி உண்டு, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்கள் ஊரில் இரவில் யார் பார்ப்பார்கள் என்பதை இன்றே விசாரித்துச் செல்பேசியில் எண்ணைப் பதிந்துவையுங்கள், நடுராத்திரி தேடினால் கிடைக்காது.

மிச்சம் இருப்பது குட்டியின் வயது. மூன்று மாதத்திலிருந்து ஆறேழு மாதம்வரை பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும், ஈறு நமநமவென்று இருப்பதால் கண்ணில் படுவதையெல்லாம் கடிக்கும். சக்குலன்ட் இலை கடிக்கக் கடிக்கச் சாறு வருவது, அதுவும் வெயிலில் குளிர்ச்சியாக, அதனால் ஒருமுறை ருசி கண்டால் திரும்பத் திரும்ப வரும். இந்த மாதங்களுக்குப் பாதுகாப்பான செடிகளைக்கூட ஜன்னல் மேடையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. ஈரத் துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் அதையே கடித்துக்கொண்டு கிடக்கும், துணியைப் பிய்த்து விழுங்காமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். கேரட்டும் கொடுக்கலாம். பச்சையைத்தான் தேடிப் போகிறது என்றால், அகலமான ஒரு தட்டில் அருகம்புல்லை மருந்தடிக்காமல் வளர்த்துத் தரையிலேயே வைத்துவிடுங்கள், அது தாராளமாக மேயட்டும். பாதியைத் தின்றதும் அந்தத் தட்டை வெயிலுக்கு நகர்த்தி, இரண்டாவது தட்டைக் கொண்டுவந்து வைத்தால் மாற்றி மாற்றிக் கிடைத்துக்கொண்டே இருக்கும்.